வாழை நடை, தென்னை நடை: ஆர்க்கிட் நம் வீட்டுக்கு வந்த கதை

பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமை காபியோடு நிதானமாகப் படியுங்கள்.

கொஞ்ச நாளாக நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஆர்க்கிட் படங்களாக வருகின்றன. கூடவே கேள்விகளும் வருகின்றன. "டீச்சர், வேரெல்லாம் தொட்டிக்கு வெளியே தொங்குது, வெட்டிடலாமா?" "பூத்து முடிஞ்ச தண்டு சுருங்கிப் போச்சு, எடுத்துடவா?" "தினமும் தண்ணி ஊத்தறேன், ஆனா அழுகுதே?" வரலாறு டீச்சரிடம் தோட்டக் கேள்வி கேட்கிறார்களே என்று முதலில் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால், இந்த மூன்றுக்கும் பதில் வரலாற்றில்தான் இருக்கிறது. "இந்தச் செடி எப்படி வளர்கிறது?" என்று கேட்காமலேயே ஐரோப்பா நூறு வருஷத்துக்கும் மேலாக ஆர்க்கிட் வளர்த்தது. அதற்குள் செத்த செடிகளுக்குக் கணக்கே இல்லை. அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

முதலில் நம் பக்கத்திலிருந்து தொடங்குவோம். 17ஆம் நூற்றாண்டில் கொச்சியில் டச்சுக்காரர்களின் ஆளுநராக இருந்தவர் ஹென்றிக் வான் ரீட். மலபாரின் செடி கொடிகளைப் படம் வரையச் செய்து, உள்ளூர்ப் பெயரோடும் பயனோடும் தொகுத்தார். 'ஹோர்த்துஸ் மலபாரிகுஸ்' என்ற அந்த நூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. அதற்குத் தகவல் தந்தவர்களில் முக்கியமானவர் சேர்த்தலைப் பக்கத்து வைத்தியர் இட்டி அச்சுதன். கடைசித் தொகுதியில் சில ஆர்க்கிட் செடிகள் இருக்கின்றன. அவற்றுக்கு நம் அண்டை வீட்டார் வைத்திருந்த பெயர்களைப் பாருங்கள்: காஞ்சிர மரவாழை, அஞ்சிலி மரவாழை. காஞ்சிரம் என்றால் நம் எட்டி மரம். அஞ்சிலி என்றால் நாம் அயினி என்று சொல்வது. மரவாழை என்றால் மரத்தின் மேல் இருக்கும் வாழை. அதாவது பெயருக்குள்ளேயே விலாசம் இருந்தது. எந்த மரத்தில் குடியிருக்கிறது, எந்தச் செடியைப் போல இருக்கிறது என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும் பெயர்.

1753இல் லின்னேயஸ் இந்தப் படங்களை வைத்து இரண்டுக்கும் லத்தீன் பெயர் சூட்டினார். இரண்டையும் 'எபிடெண்ட்ரம்' என்ற பேரினத்தில் போட்டார். 'மரத்தின் மேல்' என்று பொருள். மரத்தின் மேல் என்பது வந்துவிட்டது. எந்த மரம் என்பது விடுபட்டுப் போயிற்று. காஞ்சிர மரவாழை இன்று சிம்பிடியம் அலோயிஃபோலியம். அஞ்சிலி மரவாழை இன்று ரிங்கோஸ்டைலிஸ் ரெடூசா. அசாமில் பிஹு ஆடும் பெண்கள் கொண்டையில் சூடிக்கொள்ளும் நரிவால் போன்ற பூங்கொத்து அதுதான். அந்த மாநிலத்தின் பூவும் அதுவே.

இந்த இடத்தில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். மரத்தில் ஒட்டி வளரும் எதைப் பார்த்தாலும் நம் வீடுகளில் "புல்லுருவி, பிய்த்துப் போடு" என்பார்கள். புல்லுருவி வேறு. அது மாமரக் கிளைக்குள் தன் வேரைச் செலுத்தி, மரத்தின் சாற்றையே உறிஞ்சும். ஆர்க்கிட் அப்படிச் செய்யாது. பட்டையைப் பிடித்துக்கொண்டு உட்காரும், அவ்வளவுதான். மழை நீரையும், பட்டை இடுக்கில் சேரும் தூசி, சருகு மக்கியதையும் வைத்தே பிழைத்துக்கொள்ளும். மரத்தில் குடியிருக்கும், மரத்தைத் தின்னாது. ஐரோப்பியர்களும் வெகுகாலம் இவற்றை ஒட்டுண்ணி என்றே அழைத்தார்கள். ஆர்க்கிட் வளர்ப்பில் முதல் தப்பெண்ணம் இது.

அடுத்து நம் சோழமண்டலக் கடற்கரை. கடலூர், நாகப்பட்டினம் தொடங்கி கோதாவரி வரைக்கும் வெள்ளைக்காரன் 'கோரமண்டல்' என்று எழுதி வைத்த கரை. வில்லியம் ராக்ஸ்பரோ என்ற கம்பெனி மருத்துவர் நாகப்பட்டினத்திலும், பிறகு கோதாவரிப் பக்கம் சாமர்லகோட்டாவிலும் வேலை பார்த்துக்கொண்டே, உள்ளூர் ஓவியர்களை வைத்துச் செடிகளை வரைந்து வாங்கினார். 1795இல் லண்டனில் வெளிவரத் தொடங்கிய 'கோரமண்டல் கரைத் தாவரங்கள்' நூலின் முதல் தொகுதியிலேயே மர ஆர்க்கிட்டுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று இன்று வாண்டா டெஸ்ஸலாட்டா என்று அழைக்கப்படுவது. பச்சையும் பழுப்பும் கலந்த இதழில் கட்டம் கட்டமாகக் கோடு ஓடும். நல்ல மணம். மலைக்குப் போக வேண்டியதில்லை. நம் கிழக்குக் கரையோரக் கோயில் காடுகளிலேயே மரத்தில் தொற்றி வளர்வது அது. வெயிலுக்கும் உப்புக் காற்றுக்கும் பழகிய நம் ஊர்ச் செடி. வாண்டா என்ற பேரும் வெளியூர்ப் பேரல்ல. மரத்தின் மேல் வளரும் செடியைக் குறிக்கும் வடமொழிச் சொல் அது. அதே 1795இல் அதை ஆங்கிலேயர் ஏட்டில் ஏற்றியவர் வில்லியம் ஜோன்ஸ்.

சென்னை மாகாணத்தில் இன்னொருவர் ராபர்ட் வைட். 1819இல் வந்தவர், 1853 வரை இங்கே இருந்தார். அவர் வெளியிட்ட இந்தியத் தாவரப் படங்களுக்குப் பின்னால் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு தென்னிந்திய ஓவியர்களின் கை இருந்தது. வைட் ஒரு நல்ல காரியம் செய்தார். ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கு 'கோவிந்தூயா' என்று தன் ஓவியரின் பெயரையே வைத்தார். பின்னால் வந்த தாவரவியலாளர்கள் அந்தச் செடியை 'ட்ரோபிடியா' என்ற வேறு பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள். கோவிந்துவின் பெயர் புழக்கத்திலிருந்து போய்விட்டது. உங்களில் ஓவியம் வரைபவர்கள் இருக்கிறீர்கள். அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

இனி இங்கிலாந்து. 1818இல் வில்லியம் காட்லி என்பவரின் கண்ணாடிக் குடிலில் பிரேசில் நாட்டு ஆர்க்கிட் ஒன்று பெரிய ஊதா நிறப் பூ விட்டது. 'காட்லியா' என்ற பெயர் அவரால் வந்ததே. அதன் பிறகு பணக்காரர்களுக்கு ஆர்க்கிட் பித்துப் பிடித்தது. வெப்பநாட்டுச் செடி என்றால் வெப்பம் வேண்டும் என்று நினைத்தார்கள். குடிலுக்குக் கீழே உலை மூட்டி, நிலக்கரியை எரித்து, காற்றே புகாமல் சன்னல்களை மூடி, ஆவி பறக்க வைத்தார்கள். அந்தக் குடிலுக்கு அவர்கள் வைத்த பெயரே 'ஸ்டவ்', அடுப்பு! 1830இல் ஜான் லிண்ட்லி என்ற பெரிய தாவரவியலாளரே அதிக வெப்பம், அதிக ஈரம், ஆழ்ந்த நிழல் வேண்டும் என்று எழுதினார். எல்லாரும் அப்படியே செய்தார்கள். செடிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. குளிர்ந்த இரவும் ஓயாத காற்றும் உள்ள மலைச்சரிவுகளிலிருந்து வந்தவை அவற்றில் பல. அதை யாரும் விசாரிக்கவில்லை.

நெய்வேலிக்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். பழுப்பு நிலக்கரியை எரித்து நாம் மின்சாரம் எடுக்கிறோம். அவர்கள் நிலக்கரியை எரித்துச் சித்திரை மாதத்தை உண்டாக்கிக்கொண்டிருந்தார்கள்!

மாற்றம் தோட்டக்காரர்களிடமிருந்து வந்தது. டெவன்ஷயர் பிரபுவின் தோட்டத்தில் வேலை பார்த்த ஜோசப் பாக்ஸ்டன், ஒவ்வொரு செடியும் வந்த ஊரின் தட்பவெப்பத்துக்கு ஏற்ப வெவ்வேறு குடில் கட்டினார், காற்றோட்டம் கொடுத்தார். செடிகள் பிழைத்தன. 1845இல் பிரிட்டனில் கண்ணாடி மீதான வரி நீங்கியதும் நடுத்தர வீடுகளிலும் கண்ணாடிக் குடில்கள் வந்தன. கேட்பவர்கள் கூடினார்கள். அங்கே வளர்க்கக் கற்றுக்கொண்ட அதே காலத்தில்தான் இங்கே கொள்ளை தொடங்கியது.

1850இல் ஜோசப் ஹூக்கர் காசி மலையில் நீல வாண்டாவைப் பார்த்தார். கியூ தோட்டத்துக்காக ஏழு ஆள் சுமை பறித்தார்கள். உயிரோடு போய்ச் சேர்ந்தவை சிலதான். இன்னொருவர் அனுப்பிய ஒரே ஓர் ஆள் சுமை, வாடிப் போய்ச் சேர்ந்தும், லண்டனில் 300 பவுனுக்கு விலை போயிற்று. இவ்வளவையும் ஹூக்கரே தன் பயண நூலில் எழுதியிருக்கிறார். தென்னமெரிக்காவில் இன்னும் மோசம். ஆல்பர்ட் மில்லிகன் என்ற ஆர்க்கிட் வேட்டைக்காரர் 1891இல் எழுதிய நூலில், சுமார் பத்தாயிரம் செடி எடுக்க நாலாயிரம் மரம் வெட்டியதாக அவரே கணக்குச் சொல்கிறார். மரவாழை என்று பெயர் வைத்தவர்கள் மரத்தை முதலில் சொன்னார்கள். இவர்கள் மரத்தையே வெட்டிச் செடியை எடுத்தார்கள்.

இப்போது நம் மூன்று கேள்விகளுக்கு வருவோம். 1880களில் ஜெர்மனியில் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் எர்ன்ஸ்ட் ஃபிட்ஸர், ஆர்க்கிட்டுகளைப் பூவை வைத்து மட்டும் பார்க்காமல், தண்டு எப்படி நீள்கிறது என்று பார்த்தார். இரண்டு வகை என்று பிரித்தார். ஒன்று சிம்போடியல், இன்னொன்று மோனோபோடியல். இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். நமக்கு வாழையும் தென்னையும் போதும்.

வாழை நடை என்பது பக்கவாட்டில் நகர்வது. ஒரு தண்டு வளர்ந்து, பூத்து, ஓயும். அதன் அடியிலிருந்து புதுக் கன்று முளைக்கும். அது வளர்ந்து பூக்கும். அதன் அடியில் அடுத்தது. டெண்ட்ரோபியம், காட்லியா, சிம்பிடியம் எல்லாம் இந்த வகை. கல்யாண மேடையில் ஊதாவும் வெள்ளையுமாக வைக்கிறார்களே, அந்த 'சோனியா' டெண்ட்ரோபியமும் இதில்தான். வாழையடி வாழை என்று பெரியவர்கள் வாழ்த்துவதை இந்தத் தொட்டிக்குள் கண்ணால் பார்க்கலாம். வாழைத் தோப்பில் தார் வெட்டிய பிறகு மரத்தை உடனே அடியோடு சாய்க்காமல் கொஞ்ச நாள் விட்டு வைப்பது ஏன்? அதன் சத்து கன்றுக்கு இறங்கட்டும் என்றுதானே. அதேதான் இங்கேயும். இலை உதிர்ந்து சுருங்கிய பழைய தண்டு, புதுக் கன்றுக்கான தண்ணீர்த் தொட்டி, நெல் குதிர் எல்லாம். பச்சையாக இருக்கும்வரை வெட்டாதீர்கள். முழுக்கக் காய்ந்து பழுப்பானால் மட்டும் எடுங்கள். சில சமயம் பழைய தண்டின் கணுவிலேயே வேரோடு ஒரு குட்டி முளைக்கும். ஹவாய் மொழியில் அதற்கு 'கெய்க்கி' என்று பெயர். குழந்தை என்று பொருள். வேர் இரண்டு அங்குலம் வந்ததும் தனியாக வைக்கலாம்.

இன்னொன்று: நகரும் செடி என்பதால், தொட்டியில் வைக்கும்போது பழைய தண்டை ஓரத்தில் ஒட்டி வையுங்கள். புதுக் கன்று வரும் பக்கம் காலியாக இருக்கட்டும். நடுவில் வைத்தால் சீக்கிரமே தொட்டியைத் தாண்டி வெளியே போய்விடும்.

தென்னை நடை என்பது நேரே மேலே போவது. ஒரே தண்டு, ஒரே குருத்து. உச்சியில் இலை விட்டுக்கொண்டே போகும். அடி இலை உதிரும். பூக்கொத்து இலைக் கக்கத்திலிருந்து வரும். வாண்டா இந்த வகை. சூப்பர் மார்க்கெட்டில் வண்ணத்துப்பூச்சி போல் பூத்து நிற்கும் பலெனாப்சிஸும் இதே வகைதான், தண்டு மட்டும் குட்டை. இவற்றுக்குப் பழைய தண்டு என்ற சேமிப்பு இல்லை. அதனால் வெகுநாள் தண்ணீர் இல்லாமல் தாங்காது. குருத்தில் தண்ணீர் தேங்கினாலும் ஆபத்து. தென்னையில் குருத்தழுகல் வந்தால் என்ன ஆகுமோ அதுவேதான். மாலையில் தலைக்கு மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். வாண்டாவை நடுவில் நிறுத்தலாம், அல்லது மரக் கூடையில் தொங்கவிடலாம். வேர் எவ்வளவு நீளமாகத் தொங்கினாலும் அது தொங்கத்தான் வேண்டும்.

வேர் கேள்விக்கும் இதிலேயே பதில் வந்துவிட்டது. ஆர்க்கிட் வேரின் மேல் 'வெலாமென்' என்ற பஞ்சு போன்ற உறை உண்டு. காய்ந்தால் வெள்ளி நிறம். நனைந்தால் பச்சை. மழையை நொடியில் பிடித்து வைத்துக்கொண்டு, மெல்ல உள்ளே அனுப்பும் ஏற்பாடு. அதை மண்ணில் புதைத்தால் மூச்சுத் திணறும். தினமும் நனைத்தால் அழுகும். வேர் வெள்ளியானால் தண்ணீர், பச்சையாக இருந்தால் பொறு. இதுதான் சூத்திரம். மண்ணே வேண்டாம். தேங்காய் மட்டைத் துண்டு, மரக்கரி, உடைந்த ஓட்டுத் துண்டு போதும். பண்ருட்டியும் விருத்தாசலமும் பக்கத்தில் இருக்கும் நமக்கு இதில் எதற்கும் குறைவில்லை.

ஒரு காலத்தில் பிரபுக்கள் வைத்திருந்த செடி நம் கைக்கு எப்படி வந்தது? ஆர்க்கிட் விதை தூசி மாதிரி. ஒரு காயில் லட்சக்கணக்கில் இருக்கும். ஆனால் விதைக்குள் சாப்பாடு இல்லை. 1899இல் பிரான்சில் நோயல் பெர்னார் என்பவர், ஒரு பூஞ்சையின் துணை கிடைத்தால்தான் அந்த விதை முளைக்கிறது என்று கண்டுபிடித்தார். 1922இல் அமெரிக்காவில் லூயிஸ் நட்சன், பூஞ்சைக்குப் பதிலாகச் சர்க்கரை கலந்த அகார் கூழில் முளைக்க வைத்துக் காட்டினார். 1960இல் ஜார்ஜ் மோரல், சிம்பிடியத்தின் தண்டு நுனியை வெட்டி, குப்பியில் வளர்த்து, ஒன்றைப் பலவாக்கும் வழியைச் சொன்னார். நம் மாவட்டத்து விவசாயிகள் திசு வளர்ப்பு வாழைக்கன்று நடுகிறார்களே, அதுவும் இதே வழியின் தொடர்ச்சிதான். குப்பியில் பிறக்கும் செடி வந்த பிறகு, காட்டிலிருந்து ஒரு செடியைக்கூடப் பிடுங்க வேண்டிய அவசியம் இல்லை.

சிங்கப்பூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி. உங்கள் நாட்டு மலர் 'வாண்டா மிஸ் ஜோக்கிம்', ஆக்னஸ் ஜோக்கிம் என்ற ஆர்மீனியப் பெண்மணியின் தோட்டத்தில் வந்தது. 1893இல் உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது. 1981இல் தேசிய மலரானது. தென்னை நடைச் செடி; உருண்டை இலை; கொளுத்தும் வெயிலில் நின்று பூக்கும். அங்கே இருக்கும்போது தாவரவியல் தோட்டத்தில் போய்ப் பாருங்கள்.

இனி நம் ஊருக்கு எது சரிப்படும்? ஊட்டியிலும் சிக்கிமிலும் பெரிய பூவாகப் பூக்கும் சிம்பிடியங்களை வாங்கி வராதீர்கள். குளிர்ந்த இரவு இல்லாமல் அவை இங்கே இலை மட்டும் விடும். டெண்ட்ரோபியமும் வாண்டாவும் நமக்கு நல்ல பிள்ளைகள். அக்னி நட்சத்திரத்தில் பாதி நிழல் தரும் பச்சை வலைக்குக் கீழே வைத்து, காலையில் தரையையும் நனைத்துவிடுங்கள். வெப்பம் நமக்கு இலவசம். ஈரக் காற்றைத்தான் நாம் உண்டாக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பலெனாப்சிஸைத் தாழ்வாரத்துக்கு மாற்றுங்கள். டெண்ட்ரோபியத்துக்குக் காற்றோட்டம் இருந்தால் போதும்.

நெய்வேலியில் இந்தச் செடிக்கு இன்னொரு பொருத்தமும் உண்டு. 1930களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்துக் கிணற்றில் கறுப்பாக ஏதோ வந்ததிலிருந்து தொடங்கி, 1956இல் நிறுவனம் பதிவாகி, 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்து, 1961இல் நிலக்கரி கையில் கிடைத்த கதையை வகுப்பில் உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். சுரங்கத்துக்காக வீட்டையும் காட்டையும் விட்டு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் உங்களோடு அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். டவுன்ஷிப்பில் இருப்பவர்களுக்கும் குவார்ட்டர்ஸ் சொந்தமில்லை. ஓய்வு பெற்றால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். வைத்த மாவும் பலாவும் முருங்கையும் அடுத்து வருபவருக்கு. நானும் என் வட்டத்து வீட்டை அப்படித்தான் காலி செய்தேன். மாமரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். கூடையில் தொங்கிய வாண்டா மட்டும் ஆட்டோவில் மடியில் வந்தது. இப்போது இந்திரா நகர் வீட்டு மாடிப்படியில் தொங்குகிறது. வேர் மண்ணில் இல்லாததால் அதற்கு இடம் மாறியது தெரியவில்லை. 2011 டிசம்பர் 30 தானே புயலில் எத்தனை மரம் சாய்ந்தது என்று உங்களுக்கே தெரியும். மரங்களோடு அவற்றில் தொற்றியிருந்த உயிர்களும் போயின. குடியிருப்பவருக்கு மரம் எவ்வளவு முக்கியம் என்பதை அன்று பார்த்தோம்.

கடைசியாக ஒரு கண்டிப்பு. டீச்சர் அல்லவா, கண்டிப்பு இல்லாமல் முடிக்க முடியாது. மலைப் பாதையில் யாராவது பட்டையோடு பிய்த்த செடியைச் செய்தித்தாளில் சுற்றி ஐம்பது, நூறு ரூபாய்க்கு நீட்டினால் வாங்காதீர்கள். நீல வாண்டா போன்ற சில இனங்களுக்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலேயே தனிப் பாதுகாப்பு உண்டு. சட்டப் பட்டியலில் இல்லாததும் காட்டுடையதுதான். காட்டில் பிறந்தது பூஞ்சையையும் மரத்தையும் நம்பிப் பிழைத்த உயிர். உங்கள் பால்கனியில் பெரும்பாலும் ஒரு வருஷம் தாண்டாது. நர்சரியில் குப்பியில் பிறந்த செடியை வாங்குங்கள். காட்டுச் செடியைப் பார்க்க ஆசையாக இருந்தால் ஏற்காட்டுக்குப் போங்கள். இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் ஆர்க்கிட் தோட்டம் 1960களிலிருந்து அங்கே இருக்கிறது. குழந்தைகளைக் கூட்டிப் போய்க் காட்டுங்கள்.

இந்த வாரம் ஒரே ஒரு வீட்டுப்பாடம். உங்கள் தொட்டிக்கு முன்னால் ஐந்து நிமிஷம் உட்காருங்கள். தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்துவிடுங்கள். புதுத் தளிர் அடியிலிருந்து வருகிறதா, உச்சியிலிருந்து வருகிறதா என்று பாருங்கள். வாழையா, தென்னையா என்று கமெண்ட்டில் எழுதுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் மரத்தில் வளரும் இந்தச் செடிக்கு ஏதாவது பெயர் சொன்னால், அதையும் மறக்காமல் எழுதுங்கள். அந்தப் பெயர்களை நான் ஒரு நோட்டில் சேர்த்து வருகிறேன்.

நலமோடு இருங்கள். அம்மா அப்பாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாறு டீச்சர்